காரணம் சொல்லாதீர்கள், கஞ்சி கொண்டு போங்கள்!

நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டு வேலை, பையன் படிப்பு, கணவரின் கடை என்று நாள் ஓடிவிடுகிறது. இந்தப் பகுதியை வாராவாரம் ஒரு வரி விடாமல் படிப்பேனே தவிர, இதுவரை எதுவும் எழுதிப் போட்டதில்லை. போன வாரம் குழாயடியில் காதில் விழுந்த ஒரு பேச்சுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. 2024 டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் மலை சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் பாறையும் சேறும் விழுந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இருக்கிற நாளாகவும், மழை இல்லாத நேரமாகவும் இருந்திருந்தால் தெருவில் விளையாடிக் கொண்டிருந்திருப்பார்களே என்று நினைத்து நினைத்து அழாத பெண் எங்கள் ஊரில் கிடையாது. மண்ணைத் தோண்டி உடல்களை எடுக்க மீட்புப் படையினர் இரண்டு நாள் பாடுபட்டார்கள்.

அந்தச் சம்பவத்தைப் பற்றித்தான் குழாயடியில் பேச்சு. ஒரு அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "மலையே சாமி. சாமி மேல வூடு கட்டினா சும்மா வுடுமா? அதுங்க இன்னா பாவம் பண்ணுச்சுங்களோ" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். கெட்ட மனுஷி இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் ஓடுபவர் அவர்தான். ஆனால் எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் குடம் நிறைந்து வழிந்தது கூடத் தெரியவில்லை. அந்தப் பேச்சு எனக்குப் பழகிய பேச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பார்த்தும் அப்படித்தான் பேசினார்கள்.

2019-ல் நான் இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தேன். ஐப்பசி மாதம், எட்டு மாதம் நிறைந்திருந்த நேரம், வயிற்றில் அசைவு நின்றுபோயிற்று. பெண் குழந்தை. மூச்சில்லாமல் பிறந்தாள். தலை நிறைய முடி. அவ்வளவுதான் நான் பார்த்தது. துணியில் சுற்றிக் கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். முதல் ஐந்து மாதம் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் போயிருந்தேன். "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு பதினாலு கிலோமீட்டர் யாராவது சுத்துவாங்களா, அதான்" என்றார் ஒருவர். அடுத்த நாள் வந்தவர், "கிரிவலத்தைப் பாதியில நிறுத்தினியே, அதான்" என்றார். சுற்றினதும் தப்பு, நிறுத்தினதும் தப்பு! குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காதது, கிரகண நாளில் வெளியே வந்தது, போன ஜென்மம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. நானும் ராத்திரி தூங்காமல், எதில் தப்பு செய்தேன் என்று ஒவ்வொரு நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

உண்மையான காரணத்தை டாக்டரம்மா சொன்னார்கள். எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது. கால் வீங்கினதும், தலைவலி விடாமல் இருந்ததும் அதற்கான அடையாளம். நான் அதை 'கர்ப்பிணிக்கு இதெல்லாம் சகஜம்' என்று விட்டுவிட்டேன். எனக்குக் காரணம் சொல்ல வந்தவர்களில் ஒருவர்கூட, முன்னாலேயே என் வீங்கின காலைப் பார்த்து, "பிரஷர் பார்த்தியாம்மா?" என்று கேட்டதில்லை. சகோதரிகளே, இதைப் படிப்பவர்களில் கர்ப்பிணிகள் இருந்தால் தயவுசெய்து கேளுங்கள். கால், முகம் வீங்கினாலோ, தலைவலி நிற்காவிட்டாலோ, கண் மங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். பாவம், சாபம் என்று ஒரு காரணத்தை வைத்துவிட்டால், நிஜமான காரணத்தை யாரும் தேடமாட்டார்கள். மலைச்சரிவு விஷயத்திலும் அதே கதைதான். நாள் கணக்கில் பெய்த மழையில் மண் ஊறி, பிடிப்பு விட்டு, பாறையோடு இறங்கியிருக்கிறது. சரிவில் வீடு கட்டுகிறவர்கள் சாமியை அவமதிக்கவா கட்டுகிறார்கள்? ஊருக்குள் நிலம் வாங்க வழியில்லாமல் கட்டுகிறார்கள். 'சாமி கோபம்' என்று முடித்துவிட்டால், மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எந்தத் தெரு ஆபத்தில் இருக்கிறது, அங்கே இருப்பவர்களுக்கு மாற்று இடம் உண்டா என்று கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் நின்று போகிறது. அடுத்த மழைக்கு அடுத்த வீடு.

"அப்படியென்றால் உனக்கு சாமி நம்பிக்கை போய்விட்டதா?" என்று கேட்பீர்கள். போனது உண்மை. அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று ஊரே மொட்டை மாடியில் நின்றபோது, நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருந்தேன். மலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் மலையைப் பார்க்காமல் இருக்க முடியுமா? பின்கட்டில் துணி காயப் போட்டாலும் எதிரில் நிற்கும்.

திரும்பி வந்தது எப்படி என்றால், கனவும் இல்லை, அதிசயமும் இல்லை. சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பால் சுரந்து, கட்டிக்கொண்டு உயிர் போகிற வலி. பெற்றவர்களுக்குப் புரியும். பால் வற்ற மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஐப்பசி மழையில் மல்லி விலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தினமும் வாசலில் பூ கொண்டு வரும் அக்கா, விஷயம் தெரிந்து மடி நிறைய உதிரி மல்லி கொண்டுவந்து கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அதுபோல நாலைந்து நாள் கொடுத்தார். தினம் பூ விற்று, தினம் அரிசி வாங்கும் குடும்பம் அது. சாமிக்குச் சாத்தும் பூ என் வலிக்கு மருந்தாக வந்தது. இன்றைக்கும் மல்லிகை வாசனை வந்தால் எனக்கு அந்த அக்காவின் கைதான் ஞாபகம் வரும்.

அடுத்தது என் மாமியார். கண்டிப்பானவர். எங்களுக்குள் அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. கல்யாணம் ஆனதிலிருந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவது என் வேலை. நான் படுத்துக் கிடந்த நாட்களில் மூட்டு வலியோடு அவரே குனிந்து போட்டார். ஒரு நாள் கூட "எழுந்திரு" என்று சொல்லவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். விடிந்து வெகு நேரமாகியும் வாசல் வெறுமையாகக் கிடந்தது. யாரும் சொல்லாமலே எழுந்தேன். வாசல் தெளித்து நாலு புள்ளி வைத்தேன். அன்று அவருக்குக் கஞ்சி கொடுக்கும்போது, "உன் புருஷனுக்கு முன்னால எனக்கு ஒரு புள்ள பொறந்து ஏழாம் நாள் போயிடுச்சும்மா" என்றார். அத்தனை வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன், அன்றுதான் எனக்குத் தெரியும். "ஏன் அத்தை யாருகிட்டயும் சொல்லலை?" என்றேன். "சொன்னா, நான் இன்னா தப்பு செஞ்சேன்னுதானே கேப்பாங்க" என்றார். நாற்பது வருஷம் ஒரு தாய் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார், நம் ஆட்கள் சொல்லும் காரணத்துக்குப் பயந்து!

அதற்குப் பிறகு 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. கோயில் பக்கம் எங்களுக்குத் தேங்காய், கற்பூரக் கடை. கோயில் மூடி, கிரிவலம் நின்று, வருமானம் அடியோடு போய்விட்டது. நகையை அடகு வைத்துச் சாப்பிட்டோம். என் கணவர் அனுமதி கிடைத்த நாட்களில் போய், விற்பனை இல்லாவிட்டாலும் கடை வாசலைப் பெருக்கி ஒரு துண்டு கற்பூரம் ஏற்றிவிட்டு வருவார். "எதுக்குங்க?" என்று கேட்டேன். "வேற இன்னா செய்யத் தெரியும் நமக்கு" என்றார். கேட்டது கிடைத்தால்தான் சாமி என்றில்லாமல், கிடைக்காத நாளிலும் செய்கிற வேலையைச் செய்வதுதான் பக்தியோ என்று எனக்கு அன்று தோன்றியது.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. ரமண மகரிஷியின் வரலாறு படித்தவர்களுக்கு எச்சம்மாளைத் தெரிந்திருக்கும். மண்டகொளத்தூர்க்காரர். கணவர், மகன், மகள் என்று அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். எங்கெங்கோ போயும் மனம் ஆறாமல் இங்கே வந்தார். ரமணர் மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த காலம் அது. அந்த அம்மா அவர் முன்னால் வெகுநேரம் நின்றார். இரண்டு பேரும் பேசவில்லை. அதிலேயே பாரம் இறங்கியது என்கிறார்கள். அதன் பிறகு எச்சம்மாள் தினமும் சமைத்து மலை ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். 1945-ல் காலமாகும் வரை அந்த அன்னத் தொண்டு நடந்தது. நடுவில், அவர் எடுத்து வளர்த்த பெண்ணும் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அதைக் கொண்டுபோய் ரமணரிடம் காட்டினார். படித்த அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். கவனியுங்கள், அவ்வளவு பெரிய ஞானி 'உன் கர்மா' என்று சொல்லவில்லை. அழுதார். நமக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இத்தனை விளக்கம்?

"விதி என்று நினைத்தால் மனசு ஆறுகிறதே, அதில் என்ன தப்பு?" என்று சிலர் கேட்கலாம். இழந்தவள் தானாகச் சொல்லிக் கொண்டால் அது ஆறுதல். அது அவளுடைய உரிமை. அடுத்தவர் வந்து சொன்னால் அது குற்றச்சாட்டு. இந்த வித்தியாசத்தை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

துக்க வீட்டுக்குப் போனால் என்ன செய்யலாம்? எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன். "எப்படி ஆச்சு?" என்று கேட்காதீர்கள். அவள் ஏற்கனவே நூறு பேருக்குச் சொல்லியிருப்பாள். ஒரு தூக்கில் கஞ்சியோ ரசம் சாதமோ கொண்டு போங்கள். மூத்த பிள்ளை இருந்தால் நாலு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய் வாருங்கள். தண்ணீர் பிடித்து வையுங்கள். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். முக்கியமாக, பிள்ளையைப் பறிகொடுத்தவளை வளைகாப்பு, சீமந்தத்தில் இருந்து ஒதுக்காதீர்கள். உறவில் ஒரு வளைகாப்புக்குப் போய், "நீ அப்புறமா வளையல் போடலாம்மா" என்று ஓரமாக உட்கார வைக்கப்பட்டவள் நான். குழந்தை போனதை விட அன்று அதிகம் அழுதேன்.

கடைசியாக ஒன்று. 2024-ல் மலைச்சரிவு நடந்து பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 13-ந் தேதி மகா தீபம். பக்தர்கள் யாரும் மலை ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொப்பரை, நெய், திரி எடுத்துப் போகிறவர்களும் காவலுக்குப் போனவர்களும்தான் மேலே இருந்தார்கள். நான் மாடியில் நின்றேன். மாலை ஆறு மணிக்கு உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது. ஏழு பேரை மூடிய அதே மலை. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டுக் கும்பிடப் பழகிக்கொண்டேன்.

கீழே வந்து, வழக்கமாக வாசலில் வைக்கும் விளக்குகளோடு ஏழு அகல் தனியாக ஏற்றினேன். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய் இன்னும் இரண்டு அகல் எடுத்து வந்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, அந்த வரிசையிலேயே வைத்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் இப்படி வாய் திறக்காத ஒரு தாய் இருப்பார். நாளைக்கு அவர் வீட்டுப் பக்கம் போகும்போது காரணத்தை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். கையில் ஏதாவது சூடாக இருந்தால் போதும்.

— ஒரு வாசகி, திருவண்ணாமலை