தேக்கடியில் படகு சவாரியோடு திரும்பிவிடாதீர்கள்!

பரீட்சை முடிந்ததும் எங்கள் அனகாபுத்தூரில் தெருவுக்கு நாலு குடும்பமாவது ஊட்டி, கொடைக்கானல் என்று மூட்டை கட்டிவிடும். "வேறே இடம் சொல்லுங்களேன் அக்கா" என்று கேட்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது தேக்கடி. தேனி, கம்பம் தாண்டி மலையேறினால் குமுளி. கேரளம்தான், ஆனாலும் கடைவீதியில் தமிழ் பேசியே காரியம் ஆகிவிடும். 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் ஏரியைச் சுற்றி மழைக்காடு. 1978 முதல் புலிகள் காப்பகம்.

நம்மில் பலர் படகில் ஒரு சுற்றுச் சுற்றி, ஏலக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அங்கே கேரள வனத்துறையின் மூங்கில் குடில்கள் இருக்கின்றன, 'பாம்பூ குரோவ்' என்று பெயர். அதில் தங்கி, மூங்கில் தெப்பத்திலும் காட்டு நடையிலும் போய்ப் பாருங்கள். கூட வருபவர்கள் அந்தக் காட்டு மக்களே. மன்னான், பளியர் இனத்தவர் உண்டு. ஒரு காலத்தில் வயணா என்கிற காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களும் உண்டு! 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களை அழைத்துப் பேசி, காவலுக்கும் வழிகாட்டவும் வைத்துக்கொண்டது. திருட்டு வழி தெரிந்தவருக்குத்தானே திருடன் வரும் வழியும் தெரியும்?

பெண்கள் கதை இதைவிடப் பெரிது. 2002-ல் குமுளிப் பக்கத்துப் பெண்கள் 'வசந்த சேனை' என்று ஒரு படை சேர்த்தார்கள். வீட்டு வேலைக்கு நடுவே, தினம் ஐந்தாறு பேராக முறை வைத்துக்கொண்டு, சந்தன மரம் வெட்ட வருகிறவர்களைப் பிடிக்கக் காட்டுக்குள் ரோந்து. கூலி கிடையாது. தாங்களாக விரும்பி ஏற்றதுதான்; பெருமைதான். ஆனாலும் எனக்கு மனசு உறுத்துகிறது. ஆண்கள் வழிகாட்டினால் வருமானம், பெண்கள் காவல் நின்றால் சேவையா? வீட்டில் நடப்பதுதான் காட்டிலும் நடக்கிறதோ, என்னவோ! அந்தக் காட்டு மழைதான் தேனி, மதுரைப் பக்கத்து வயல்களுக்கு வருகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எந்த விடுதியில் தங்கினாலும், "இந்த வாடகையில் ஊர் மக்களுக்கு எவ்வளவு போகிறது?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் அட்டை ஜாஸ்தி. முழங்கால்வரை வரும் துணி உறை போட்டுக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் அதன் வாயோரத்தை மெல்லத் தள்ளி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் சற்று நேரம் கசியும், பதற வேண்டாம். தெப்பத்துக்கும் நடைக்கும் சின்னக் குழந்தைகளைச் சேர்ப்பார்களா என்று முன்பதிவின்போதே விசாரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, நாலு துணிப்பை எடுத்துப் போங்கள்.