பேரன் ஆடும் சீட்டும் தாத்தா போட்ட கணக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். பத்து வயதுக்கு மேல் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒருவராவது முழுதும் படித்துவிடுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பேரனை இங்கே கரியாலூருக்கு அனுப்பும் முன் மகள் போனில் பேசினாள். "அப்பா, இவன் எந்நேரமும் போன்ல சீட்டாடுறான். நீங்கதான் கண்டிக்கணும்" என்றாள். எனக்குப் பகீரென்றது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்கள் பற்றிய செய்திகளைப் பல ஆண்டுகள் படித்தவன் நான். பையனுக்கு வயது பன்னிரண்டு.

வந்த அன்று மாலையே திண்ணையில் உட்கார வைத்து, "காட்டுடா பார்க்கலாம்" என்றேன். திண்ணையின் அந்த மூலையில்தான் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும். காட்டினான். ரம்மி இல்லை. ஹார்த்ஸ்டோன் என்று ஒரு விளையாட்டு. 2014இல் வந்தது. ஒவ்வொரு கார்டிலும் ஒரு படம், ஒரு விலை, ஒரு பலம். ஆளுக்கு 30 கார்டு கொண்ட ஒரு கட்டு. ஆளுக்கு 30 உயிர்ப்புள்ளி. எதிராளியின் புள்ளியை முதலில் சுழியமாக்குகிறவர் வென்றவர். முதல் சுற்றில் செலவழிக்க ஒரு படிகம், இரண்டாம் சுற்றில் இரண்டு, இப்படிப் பத்து வரை ஏறும். கையில் நான்கு படிகம் இருந்தால் நான்கு விலையுள்ள ஒரு கார்டைப் போடுவதா, இரண்டிரண்டாக இரண்டு கார்டைப் போடுவதா என்று யோசிக்க வேண்டும். யோசிக்க ஒன்றேகால் நிமிடம்தான்.

அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கூட்டல், கழித்தல், எதிராளி அடுத்து என்ன செய்வான் என்ற ஊகம், கிடைத்ததை வைத்துச் சமாளிப்பது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க நான் என்ன பாடு பட்டிருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். இந்த வகை விளையாட்டுக்கு மூத்தது 'மேஜிக்: தி கேதரிங்'. 1993இல் வந்தது. அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர். அதைக் கேட்டதும் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பீர்கள். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களுக்கு எதிராக நம் மாநிலச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் அத்தகைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. பேரன் ஆடுவதில் ஜெயித்தால் காசு வராது, தோற்றால் காசு போகாது. ஆகவே அவன் செய்வது சூதாட்டம் இல்லை என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. காசு வேறு வழியாகப் போகிறது.

கட்டை நல்லதாக்க நல்ல கார்டு வேண்டும். நல்ல கார்டு 'பேக்' என்ற பொட்டலத்தில் வரும். ஒரு பேக்கில் ஐந்து கார்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்கும் வரை தெரியாது. பேரன் ஒன்றைத் திறந்து காட்டினான். பளபளவென்று வெளிச்சம், சத்தம். சட்டென்று எனக்குக் கச்சிராயபாளையத்துப் பெட்டிக்கடை ஞாபகம் வந்தது. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். கடையில் ஒரு அட்டை தொங்கும், 'லக்கி பிரைஸ்'. ஐந்து காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் எண் வரும். பெரும்பாலும் ஒரு புளிப்பு மிட்டாய். அட்டையின் உச்சியில் ஒரு பெரிய பலூன் தொங்கும். அந்தப் பலூனுக்காக நான் எத்தனை ஐந்து காசு கிழித்திருப்பேன்! அட்டை பாதி தீரும் வரை பலூன் எண் வெளியே வராது. வந்துவிட்டால் அப்புறம் யார் கிழிப்பார்கள்?

அந்த அட்டைக்கும் இந்தப் பேக்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அட்டையில் நூறு சீட்டு என்றால் நூறையும் கிழித்தால் பலூன் நிச்சயம். பேக்கில் அந்த நிச்சயம் கிடையாது. ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் விரும்பும் ஒரு கார்டு நூறு பேக்கில் ஒன்றில் வரும் வாய்ப்பு என்று வையுங்கள். நூறு பேக் வாங்கினால் கிடைத்துவிடும் என்றுதான் மனம் சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நூறு பேர் ஆளுக்கு நூறு பேக் திறந்தால் சுமார் 63 பேருக்குத்தான் கிடைக்கும். மீதி 37 பேர் நூறு பேக்குக்கும் காசு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பார்கள். சில விளையாட்டுகளில் இத்தனை பேக்குக்குள் ஓர் அரிய கார்டு உறுதி என்ற ஏற்பாடு உண்டு. அதிலும் நீங்கள் கேட்ட கார்டே வரும் என்று இல்லை.

இதில் உலக நாடுகளும் விழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. பெல்ஜியம் 2018இல் காசு கொடுத்துத் திறக்கும் மர்மப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சீனா 2017 முதல் ஒவ்வொரு பரிசின் வாய்ப்பு விகிதத்தையும் வெளியிடச் சொன்னது. அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனமும் தன் கடையில் அதையே விதியாக்கியது. ஆகவே பல விளையாட்டுகளில் அந்த விகிதம் எங்காவது ஒரு பக்கத்தில் எழுதியிருக்கும். தேடிப் படியுங்கள். பிள்ளையையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் படித்த ஒருவரின் வீட்டில் நடந்தது. பெயர் வேண்டாம். சிறு மளிகைக் கடை வைத்திருக்கிறார். சரக்கு கொண்டுவருபவர்களுக்குப் பணம் அனுப்ப மகனுக்கே ரகசிய எண்ணைச் சொல்லிக் கொடுத்திருந்தார். மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது. பார்த்தால், 99 ரூபாய் வீதம் 43 தடவை ஏதோ ஒரு விளையாட்டுக்குப் போயிருக்கிறது. 4,257 ரூபாய். பையனை அடித்து, போனைத் தரையில் அடித்து, மனைவியோடு சண்டை போட்டு, மறுநாள் என்னிடம் கூட்டி வந்தார். பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் 99 ரூபாதான் சார் போச்சு" என்றான். பொய் சொல்லவில்லை. அவனுக்குத் திருடும் எண்ணமும் இல்லை. 99ஐ 43ஆல் பெருக்கிப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவன் அப்பாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் தோன்றியது.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். பேரன் ஊருக்குப் போன பிறகு ஒரு இரவு தூக்கம் வராமல் வேறொரு கார்டு விளையாட்டில் நானே 199 ரூபாய்க்கு வாங்கித் திறந்தேன். உருப்படியாக ஒன்றும் வரவில்லை. 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று கை போனது. அறுபது தாண்டிய வாத்தியாருக்கே கை போனால் பன்னிரண்டு வயதுக்கு என்ன சொல்வது? (என் மனைவிக்கு இந்த விஷயம் இந்தப் பதிவைப் படித்தால்தான் தெரியும்.)

ஆகவே என் கருத்து இதுதான். விளையாட்டைத் தடுக்காதீர்கள். பேக் வாங்குவதைத் தடுங்கள். ஆடுவது அறிவு வேலை, பேக் திறப்பது லக்கி பிரைஸ். இரண்டும் ஒரே திரையில் இருப்பதால் ஒன்றாகிவிடாது. காசில்லாமல் தொடங்க முடியுமா என்றால், முடியும். பேரனும் நானும் கடைப்பிடித்ததை எழுதுகிறேன்.

முதலாவது, முதல் மூன்று மாதம் செலவு சுழியம். ஹார்த்ஸ்டோனில் 2021 முதல் ஒரு அடிப்படைத் தொகுப்பை எல்லோருக்கும் இலவசமாகவே தருகிறார்கள். போக்கிமான் பாக்கெட் என்று 2024 அக்டோபரில் வந்த விளையாட்டில் நாளொன்றுக்கு இரண்டு பேக் இலவசம், கட்டுக்கு 20 கார்டுதான். விதி படிக்கவும், தோற்றுப் பழகவும் இது தாராளம். மூன்று மாதத்துக்குள் சலித்துவிட்டால் காசு மிச்சம்.

இரண்டாவது, ஒரே ஒரு விளையாட்டு, அதில் ஒரே ஒரு கட்டு. நான்கு கட்டுக்கு ஆசைப்பட்டால் நான்கும் அரைகுறையாக நிற்கும். ஒரே கட்டை ஐம்பது ஆட்டம் ஆடுங்கள். எந்தக் கார்டு நிஜமாகவே இல்லாமல் தோற்கிறோம் என்று அப்போதுதான் தெரியும். பல நேரம் கார்டு இல்லாமல் தோற்கவில்லை, அவசரப்பட்டுத் தோற்றிருக்கிறோம் என்பது தெரியவரும்.

மூன்றாவது, எதையும் உடனே உடைக்காதீர்கள். ஹார்த்ஸ்டோனில் வேண்டாத கார்டை உடைத்தால் 'தூள்' கிடைக்கும். அந்தத் தூளைக் கொண்டு வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும். கணக்கைப் பாருங்கள். மிக அரிய கார்டு செய்ய 1,600 தூள், உடைத்தால் 400. அதாவது நான்கை உடைத்தால் ஒன்று. சாதாரண கார்டு செய்ய 40, உடைத்தால் 5. எட்டை உடைத்தால் ஒன்று. நல்ல பித்தளைக் குடத்தைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்குகிற வியாபாரம். கையில் அதிகப்படியாக இருப்பதை மட்டும் உடைத்து, சேர்த்து, உறுதியாகத் தேவைப்படும் ஒன்றைச் செய்ய வேண்டும்.

நான்காவது, விளையாடிச் சேர்க்கும் தங்கத்தைக் கண்டபடி கரைக்காதீர்கள். அங்கே 100 தங்கத்துக்கு ஒரு பேக். ஆண்டுக்கு ஒரு முறை பழைய தொகுப்புகள் முக்கியமான ஆட்ட வகையிலிருந்து விலகிவிடும். விலகப் போகும் தொகுப்பில் தங்கத்தைப் போடுவது, பள்ளி முடியும் மாதத்தில் புதுச் சீருடை தைப்பது போல.

ஐந்தாவது, அப்புறமும் ஆசை தீராவிட்டால் மாதம் ஒரு தொகை. நூறோ இருநூறோ, உங்கள் வசதி. வங்கிக் கணக்கை இணைக்காதீர்கள். ப்ளே ஸ்டோருக்கான பரிசுக் கூப்பன் ஒன்று வாங்கி ஏற்றுங்கள். தீர்ந்தால் தீர்ந்தது. ப்ளே ஸ்டோரில் மாத வரம்பு குறிக்கும் வசதி உண்டு. ஆனால் அது எச்சரிக்குமே தவிர நிறுத்தாது. வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். மாதா மாதம் தானாகப் பணம் எடுக்கும் சந்தா எதற்கும் சம்மதம் கொடுக்காதீர்கள். தவறி வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பியுங்கள்.

ஆறாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. விளையாட்டுக்குள் ரூபாய் என்று எங்கும் தெரியாது. வைரம், தங்கம், தூள் என்றே இருக்கும். எதைக் காசு கொடுத்து வாங்கினாலும் அதன் விலையை ரூபாயில் எழுத வேண்டும். வாராவாரம் கூட்டல் போட வேண்டும்.

"காசு போட்டுச் சேர்த்தால் கார்டாவது மிஞ்சுமே" என்று சிலர் சொல்லலாம். மிஞ்சாது. நான் மேலே சொன்ன அதே கார்ஃபீல்டை வைத்து வால்வ் நிறுவனம் 2018இல் 'ஆர்டிஃபாக்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. உள்ளே நுழையவே 20 டாலர், கார்டுக்குத் தனிக் காசு. ஆடுபவர்கள் கூட்டம் சில மாதங்களில் கலைந்தது. 2021இல் மேம்படுத்தும் வேலையை நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் இலவசமாக்கிவிட்டார்கள். பெரிய நிறுவனம், பெரிய பெயர், அப்படியும் கதி அதுதான். நாம் சிறு வயதில் சேர்த்த தீப்பெட்டிப் படமாவது இன்றும் பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும்.

"சார், நீங்களே இதை ஊக்கப்படுத்தலாமா? வெளியே போய் ஓடி ஆடச் சொல்லக் கூடாதா?" என்றும் கேட்பீர்கள். ஓடட்டும், ஆடட்டும். பேரனைக் காலையில் போனோடு நான் உட்கார விட்டதில்லை. ஆனால் எங்கள் மலையில் மழை பிடித்தால் நாள் கணக்கில் விடாது. போனைப் பிடுங்கிவிட்டால் ஒளித்து ஆடுவான். ஒளித்து ஆடும் இடத்தில்தான் 99 ரூபாய் 43 தடவை போகும். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, "ஏன்டா இந்தக் கார்டைப் போட்டே?" என்று கேட்கும் வீட்டில் அது நடக்காது.

பேரன் ஊர் திரும்பும் நாளில் அவன் நோட்டைப் பார்த்தேன். செலவுப் பக்கத்தில் சுழியம். கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு. ஆசைப்பட்ட ஒரு கார்டைச் செய்ய இன்னும் 560 தூள் வேண்டும், கையில் இருக்கும் இரண்டு அரிய கார்டை உடைத்தால் 800 கிடைக்கும், அப்படி உடைத்தால் இப்போது ஜெயிக்கும் கட்டு போய்விடும் என்று எழுதி, கீழே 'வேண்டாம், காத்திருக்கலாம்' என்று முடித்திருந்தான். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் கோபப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன விளையாட்டு? எப்படி ஜெயிப்பது? இதுவரை எத்தனை ரூபாய்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அடிக்காதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். இங்கே மழை வந்தால் சிக்னல் போய்விடும், பதில் தாமதமானால் கோபிக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சார், கரியாலூர்