தவளைக்கும் ஒரு மான்யம்

பயிர்த்தொழிலுக்குத் துணை செய்யும் ஜீவன்களில் தவளையைப்போல் மலிவாக மதிக்கப்படுவது வேறொன்றில்லை. உழவு மாட்டிற்குத் தவிடும் பிண்ணாக்கும் உண்டு. தேனீக்குப் பெட்டி உண்டு. காவல் நாய்க்கு ஒரு கவளம் சோறாவது உண்டு. இராப்பொழுது முழுவதும் வரப்போரத்தில் அமர்ந்து வண்டையும் வெட்டுக்கிளியையும் கறையானையும் விழுங்கும் தவளைக்கு யாரும் யாதொன்றும் அளித்ததில்லை. அதற்கு வேண்டுவதும் மிகச் சொற்பமே. மழை பெய்தபின் சில வாரங்கள் வற்றாமல் நிற்கும் ஆழமற்ற நீரும், வறண்ட மாதங்களில் புதைந்து கிடக்க மிருதுவான மண்ணும் இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும். ஆலைகளும் பெருஞ்சாலைகளும் பெருகிவரும் குருபரப்பள்ளிப் பிரதேசத்தில், பள்ளங்கள் மேவப்பட்டு நிலம் சமனாக்கப்படுந்தோறும் இவ்விரண்டும் குறைகின்றன. ஆகையால், தவளைகளைப் பாதுகாப்பதற்கென உலகில் வழங்கப்பட்டுவரும் மான்யங்களைப்பற்றி நம் விவசாயிகளும் ஆலோசிக்க வேண்டியது அவசியமாகிறது.

நமது அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். அபூர்வமான மலைத் தவளைக்கு இரண்டொரு வருஷம் பணம் கொடுத்து நிறுத்திவிடும் முறை நம் சமவெளிக்குப் போதாது. வயலில் வேலை செய்யும் சாதாரணத் தவளைக்கு, சிறு தொகையேயாயினும் ஆண்டுதோறும் தவறாமல், அது வாழும் நீர்நிலையைப் பராமரிப்போர் கையிலேயே சேருமாறு மான்யம் ஏற்பட வேண்டும். அதற்கு வேண்டிய பணமும் சட்டமும் நம் ஜில்லாவிலேயே இருக்கின்றன என்பதே நமது வாதம்.

நம் வயல்களின் தவளைகள்

கேழ்வரகும் மாவும் விளையும் இந்தச் செம்மண் பூமியில் பல இனத் தவளைகள் உண்டு. ஏரிக்கரைகளில் வாழும் பெருந்தவளை, வீட்டுப் புறக்கடைவரை வரும் தேரை, தோட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளை ஆகியவற்றை எல்லோரும் அறிவர். பழந்தமிழர் நுணல் என்று அழைத்த, மண்ணைத் தோண்டிப் புதைந்து வாழும் வகைகளைக் கண்டவர் சிலரே. இவை வருஷத்தின் பெரும் பகுதியை நிலத்தடியில் கழித்துவிட்டு, முதல் பெருமழையன்று வெளிவந்து, தேங்கிய நீரில் முட்டையிட்டுவிட்டு மீண்டும் மண்ணுக்குள் சென்றுவிடும். தலைப்பிரட்டைகள் வால் நீங்கிக் கரையேற, இனத்திற்குத் தக்கபடி சில வாரங்கள் முதல் இரண்டு மாதங்கள்வரை செல்லும். அதற்குள் குட்டை வற்றினாலும் மேவப்பட்டாலும் அந்த வருஷத்துச் சந்ததி முழுவதும் நாசமாகும்.

மற்றொரு விசேஷமும் கவனிக்கத்தக்கது. தவளை வாயினால் நீர் பருகுவதில்லை. தோலின் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. சுவாசிப்பதிலும் ஒரு பங்கு தோலின் வழியாக நடைபெறுகிறது. எனவே தக்காளிக்கும் ரோஜாவுக்கும் நாம் தெளிக்கும் மருந்தும், ஆலைக் கழிவு கலந்த நீரும் அதன் உடலுக்குள் எளிதிற் புகுந்துவிடுகின்றன. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தில் தென்பெண்ணையின் நீர் நுரை பொங்கி வந்ததைப் பன்முறை கண்ட நம் ஜில்லாவாசிகளுக்கு இதை விரித்துக் கூற வேண்டியதில்லை.

இவற்றைப்பற்றி நாம் அறிந்தது எவ்வளவு சொற்பம் என்பதற்கு அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. பெங்களூரின் புறப்பகுதியான ராஜனுகுண்டேக்கு அருகில், தரிசு நிலத்தில் வாழும் ஒரு புதைதவளையை விஞ்ஞானத்திற்குப் புதியதோர் இனமென்று 2020-ஆம் வருஷத்தில் ஆராய்ச்சியாளர் விவரித்தனர். பெங்களூரின் பெயரையே அதற்குச் சூட்டினர். அடர்ந்த வனத்திலன்று, பெருநகரின் வாசலில் உள்ள வெற்று நிலத்தில் அது அகப்பட்டது. அத்தகைய நிலமே தொழிற்பேட்டைக்கும் மனைப் பிரிவுக்கும் முதலில் எடுக்கப்படுவது.

1987-ஆம் வருஷத்துப் பாடம்

தவளையின் பொருட்டு நம் நாடு ஒருமுறை பெரியதொரு தீர்மானம் செய்திருக்கிறது. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் தவளைக் கால்கள் உறைய வைக்கப்பட்டு மேனாடுகளுக்கு ஏற்றுமதியாயின. இராக்காலத்தில் விளக்கு வெளிச்சத்தில் பிடிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை நம் வயல்களின் பெருந்தவளைகளே. தவளையை விற்று ஈட்டும் அந்நியச் செலாவணியையும், தவளை போனபின் பூச்சி மருந்துக்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று பம்பாயின் இயற்கை ஆராய்ச்சியாளர் ஹுமாயூன் அப்துலாலி முதலியோர் வற்புறுத்தினர். இறுதியில் 1987-இல் மத்திய சர்க்கார் ஏற்றுமதியைத் தடை செய்தது. வாங்குவோர் இந்தோனேஷியாவை நாடிச் சென்றனர்.

தடை நன்மையே செய்தது. ஆயினும் தடை என்பது பிடிப்பவன் கையைத்தான் நிறுத்தும். குட்டையை மேவும் மண்வாரி யந்திரத்தை நிறுத்தாது. பிடிக்காதே என்று உத்தரவிடச் செலவில்லை. வாழ்விடத்தைக் காப்பதற்கோ ஆளும் பணமும் வேண்டும். மான்யத்தின் தேவை இங்கேதான் எழுகிறது.

பணம் எங்கே செல்கிறது?

உலகத்து நீர்நில வாழ்விகளில் 8,011 இனங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான மதிப்பீடு, பத்தில் நான்கு இனங்கள் அழிவின் அபாயத்தில் இருப்பதாகக் கூறுகிறது. பறவைகளினும் பாலூட்டிகளினும் இவற்றின் நிலை மோசமானது. இவ்வபாயத்தை உணர்ந்து மான்யம் வழங்கும் நிதிகள் சில இருக்கின்றன. அபுதாபியில் 2009-ஆம் வருஷம் முதல் இயங்கிவரும் முகம்மது பின் ஜாயித் இனப் பாதுகாப்பு நிதி, ஓர் இனத்தைக் காக்கும் வேலைத் திட்டம் ஒன்றுக்கு 25,000 டாலர் வரையில் அளிக்கிறது. தவளை இனங்கள் பலவும் அதனால் பயனடைந்துள்ளன. நெருக்கடிச் சூழல் அமைப்புகளுக்கான கூட்டு நிதி என்னும் சர்வதேச ஸ்தாபனமும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பிரதேசத்தில் 2008 முதல் சில வருஷங்கள் மான்யம் வழங்கிற்று.

இவை யாவும் போற்றத்தக்கவை. எனினும் இவற்றின் விதிகளைக் கவனித்தால் குருபரப்பள்ளியின் இடம் விளங்கும். ஒரு நிதி அழியும் இனத்திற்கு முதலிடம் தருகிறது. நம் பெருந்தவளை சர்வதேசப் பட்டியலில் அபாயமற்ற வரிசையில் இருக்கிறது. மற்றொரு நிதி மலைத் தொடருக்கு உரியது; நாமோ அதற்கு வெளியே இருக்கிறோம்.

நம் ராஜ்ய சர்க்காரும் அண்மைக் காலத்தில் வன ஜீவன்களுக்குப் பொருள் ஒதுக்கியிருக்கிறது. வரையாட்டுக்கு 2022-இல் ரூ.25.14 கோடி மதிப்பில் ஐந்து வருஷத் திட்டம் வகுக்கப்பட்டது. அதிகம் கவனிக்கப்படாத நான்கு இனங்களுக்கென்று 2025-இல் ரூ.1 கோடி ஒதுக்கப்பட்டது. சிங்கவால் குரங்கு, முள்ளெலி, கழுதைப்புலி, மயில்கெண்டை மீன் ஆகியவை அந்நான்கு. முள்ளெலியையும் மீனையும் நினைவிற்கொண்டது புதிய நல்வழக்கம். அவ்வரிசையில் தவளை இன்னும் சேரவில்லை.

திட்ட மான்யங்களுக்குப் பொதுவானதொரு குறையும் உண்டு. பணம் ஒன்று அல்லது இரண்டு வருஷங்களுக்கு வரும். ஆராய்ச்சியாளர் வந்து கணக்கெடுத்து அறிக்கை எழுதுவர். பின்னர் நிதி தீரும், வந்தவரும் செல்வர். மூன்றாம் வருஷம் மழை பொய்க்கும்போது குட்டையைப் பார்ப்பவர் ஒருவரும் இரார்.

முன்னோர் வழியும் இக்காலச் சட்டமும்

இதற்கு மாற்று வழி நம் நாட்டிலேயே இருந்தது. ஏரியைத் தூர் வாரவும் கரையைச் செப்பனிடவும் ஏரிப்பட்டி என்று நிலத்தை ஒதுக்கி வைத்தார்கள் என்பதைச் சாசனங்கள் காட்டுகின்றன. அந்நிலத்தின் விளைவு ஆண்டுதோறும் ஏரிக்கே சேர்ந்தது. தொகை சிறிது, காலம் நெடிது, செலவிடுவோர் அவ்வூரார். இம்மூன்று குணங்களும் அமைந்த மான்யமே தவளைக்கும் தகும்.

இன்று நிலம் ஒதுக்குதல் எளிதன்று. ஆனால் வேறொரு வரவு உண்டு. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சொத்தோ, வியாபாரமோ, லாபமோ உள்ள கம்பெனிகள் தம் முந்தைய மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக காரியங்களுக்குச் செலவிட வேண்டும். அக்காரியங்களின் அட்டவணையில் இயற்கைச் சமநிலையும், தாவரங்களையும் பிராணிகளையும் பாதுகாத்தலும் இடம் பெற்றுள்ளன. கம்பெனி இயங்கும் சுற்றுப்புறத்திற்கு முதலிடம் அளிக்க வேண்டுமென்றும் சட்டம் சொல்லுகிறது. தொடங்கிய வருஷம் போக மேலும் மூன்று வருஷம்வரை நீடிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளவும் விதிகளில் இடமுண்டு. ஓசூரிலும் குருபரப்பள்ளியிலும் உள்ள தொழிற்பேட்டைகளில் இச்சட்டத்திற்கு உட்பட்ட கம்பெனிகள் தம் சுற்றுப்புறம் எதுவென்று தேடி அலைய வேண்டியதில்லை. மதிற்சுவருக்கு வெளியே உள்ள குட்டையே அது.

வேலையை நிர்ணயிக்கவும் ஓர் அமைப்பு உண்டு. 2002-ஆம் வருஷத்து உயிரியற் பன்மைச் சட்டம், ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் ஒரு மேலாண்மைக் குழுவை ஏற்படுத்த வேண்டுமென்றும், அவ்வூர் ஜீவன்களைப் பதிவேட்டில் குறிக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. அச்சட்டத்தை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமை ஸ்தலம் சென்னையிலேயே உள்ளது. குட்டைகளைத் தேர்ந்தெடுத்து நிபந்தனைகளைக் குழு வகுக்கட்டும். கம்பெனி நேராகவோ, பதிவுபெற்ற தர்ம ஸ்தாபனம் ஒன்றின் மூலமாகவோ பணத்தை வழங்கட்டும்.

எதற்காகக் கொடுப்பது?

மான்யம் பெறுவோர் செய்ய வேண்டியவை சிலவே. முதலாவது, பண்ணைக் குட்டையின் ஒரு கரையைச் சரிவாக விடுதல். பிளாஸ்டிக் விரித்த செங்குத்தான குட்டையில் விழுந்த தவளை வெளியேற இயலாமல் மடியும். அங்கே தேங்காய் நார்க் கயிற்று வலையோ சொரசொரப்பான பலகையோ சாய்த்துவைத்தால் போதும். இரண்டாவது, முதல் பெருமழையில் தேங்கிய நீரை 60 நாட்கள் இறைக்காமலும் மேவாமலும் விட்டுவைத்தல். மூன்றாவது, நீரைச் சுற்றிப் பத்தடி அகலத்திற்கு மருந்து தெளியாதிருத்தல். நான்காவது, தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும் மீன்களை ஊருக்கு ஒரு குட்டையிலாவது விடாதிருத்தல். ஐந்தாவது, தூர் வாருகையில் இவ்வருஷம் பாதி, மறு வருஷம் பாதி என்று வாருதல்.

செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். குட்டை ஒன்றுக்கு வருஷம் ரூ.10,000 வீதம் பத்துக் குட்டைகளுக்கு ரூ.1 லட்சம் ஆகும். மேலே சொன்ன 25,000 டாலர் நம் நாணயத்தில் ரூ.20 லட்சத்திற்கு மேற்பட்டது. மேல்நாட்டு நிதியின் ஒரு திட்டத் தொகையால் பத்துக் குட்டைகளை இருபது வருஷம் காக்கலாம் என்று ஏற்படுகிறது.

இதற்குச் சில ஆக்ஷேபணைகள் எழும். சாதாரணமாகக் காணப்படும் ஜீவனுக்குப் பணம் எதற்கு என்பார்கள். நூறு வயல்களில் பூச்சியைத் தின்பது சாதாரணத் தவளையே. அபூர்வமான பிறகு அதனால் பயிருக்கு ஆகும் உபகாரம் ஏதுமில்லை. ஏராளமாக உள்ளபோதே காப்பதுதான் சிக்கனமும் ஆகும். பணம் விளம்பரப் பலகையிலும் திறப்பு விழாவிலும் கரைந்துவிடும் என்பது இரண்டாவது ஆக்ஷேபணை. அது நியாயமான அச்சமே. ஆகவே பத்தில் ஒரு பங்குக்குமேல் அத்தகைய செலவு கூடாதென்று குழு முன்கூட்டியே நிபந்தனை விதிக்க வேண்டும். பொய்க் கணக்குக் காட்டி மான்யம் வாங்குவார்கள் என்பது மூன்றாவது. தவளைகளின் தொகையைக் கொண்டு பணம் அளந்தால் அவ்வாறே நேரும். கண்ணால் காணக்கூடிய கரைச் சரிவுக்கும், 60 நாள் நீருக்கும் அளித்தால் ஏமாற்ற இடமிராது. தவளைகளின் குரல் இனத்துக்கு இனம் வேறானதால், மழை இரவுகளில் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியருடன் சென்று கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்யலாம். சில வருஷங்களில் அதுவே நம் ஊரின் நம்பத்தக்க கணக்காகிவிடும்.

ஆதலால், குருபரப்பள்ளிச் சுற்றுவட்டாரத்து விவசாயிகளுக்கு நமது வேண்டுகோள் இது. மே மாதம் 1-ஆம் தேதி கிராம சபை கூடும்போது, உங்கள் ஊரில் மழைநீர் தேங்கும் பள்ளங்களையும் குட்டைகளையும் பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள். அவற்றுள் எவை மேவப்படாமல் காக்கப்பட வேண்டுமென்பதைத் தீர்மானமாக எழுதி, மேலாண்மைக் குழுவின் பதிவேட்டில் சேர்க்கச் செய்யுங்கள். அத்தீர்மானத்தின் நகலுடன் அண்டையிலுள்ள கம்பெனியின் அதிகாரிகளை அணுகுங்கள். விவசாய இலாகாவினரும் பண்ணைக் குட்டைக்கு உதவித்தொகை சிபாரிசு செய்யும்போது, ஒரு கரை சரிவாக இருக்க வேண்டுமென்ற ஒரே ஒரு வரியைப் படிவத்தில் சேர்த்தல் நலம். அந்த வரிக்குச் செலவு ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவ மழை தொடங்குமுன் இவற்றைச் செய்து முடித்தால், இவ்வருஷத்துத் தலைப்பிரட்டைகள் கரையேற வழி பிறக்கும்.