பின்லாந்தின் சிறு கத்தி

வேட்டைக்கு நீண்ட கத்தியே ஏற்றது என எண்ணுவோர் பலர். காடு சூழ வாழும் பின்லாந்து மக்கள் அவ்வாறு எண்ணவில்லை. அவர்கள் இடுப்பிலே தொங்கும் ‘பூக்கோ’ என்னும் கத்தியின் அலகு பெரும்பாலும் 3 அல்லது 4 அங்குலமே. மூஸ் என்னும் மாபெரும் மானை உரிப்பதும் அதுவே. காளான் கொய்வதும், மீனின் வயிற்றைக் கீறுவதும், அடுப்புக்குச் சுள்ளி சீவுவதும் அதுவே.

குறுகிய அலகு எதற்காக? வீழ்ந்த விலங்கின் வயிற்றைத் திறக்கும்போது, ஆட்காட்டி விரலை அலகின் முதுகிலே வைத்து நுனியைச் செலுத்துதல் வேண்டும். விரலுக்கு எட்டாத தொலைவில் நுனி இருப்பின், அது எங்கே செல்கின்றது என்பதைக் கை அறியாது. குடல் கிழிந்தால் அதிலுள்ளவை இறைச்சியிற் படிந்து, ஒரு குடும்பத்தின் மாரிகால உணவே பாழாகிவிடும். அலகு உள்ளங்கையின் அகலத்துக்கு ஒத்திருந்தாற் போதும்.

மடக்குக் கத்தி சட்டைப்பைக்கு வசதியானதுதான். ஆயினும் அதன் மூட்டினுள்ளே இரத்தமும் கொழுப்பும் புகுந்துவிட்டாற் கழுவி எடுப்பது பெரும்பாடு.

பூக்கோ வாங்க விரும்புவோர் அலகின் பளபளப்பில் மயங்காது, முதலிற் பிடியை நோக்குக. அது பெரும்பாலும் பேர்ச் மரத்தாலானது. அலகின் வால் மரத்தினுள்ளே மறைந்திருப்பதால், உறைபனியிலும் குளிர்ந்த உருக்குக் கையைத் தீண்டாது. விரல்களைக் காக்கும் குறுக்குத் தடுப்பு வழக்கமாக அதில் இல்லை. எனவே அது சீவுவதற்கு உகந்தது, குத்துவதற்கன்று; ஈரக்கையாற் குத்தினால் விரல்கள் வழுக்கி அலகின்மேல் ஏறிவிடும். கையுறை அணிபவர் கையுறையுடனேயே பிடித்துப் பார்த்தல் நன்று.

காபன் உருக்கு எளிதிற் கூராகும். ஈரம் பட்டால் துருவேறும். துடைத்து எண்ணெய் பூசும் பொறுமையற்றோர் (நம்மிற் பலர் அத்தகையோரே!) துருவேறாத உருக்கைக் கொள்க. தீட்டுவதும் கடினமன்று. விளிம்புவரை தட்டையாக இறங்கும் சரிவைத் தீட்டுகல்லிற் படிய வைத்தால், கோணம் தானே அமைந்துவிடும்.

உறையையும் மறத்தலாகாது. பிடியின் பாதிக்கு மேலும் அதனுள் இறுகப் புதைதல் வேண்டும். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கும்போது கத்தி நழுவுமாயின், அதனைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். காட்டிலே இடறி விழுபவரின் தொடைக்கு அருகிலே தொங்குவது அதுவன்றோ!

பின்லாந்தின் 2003 ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம், தக்க காரணமின்றிப் பொது இடங்களிற் கத்தி கொண்டு திரிவதைத் தடுக்கின்றது. வேட்டை முடிந்து ஊருக்குள் வருபவர் இடுப்பிலிருந்து அதனைக் கழற்றிப் பைக்குள் இட்டுவிடுதல் நல்லது.