ஒருவர் பிழை, பத்துப்பேர் சுமை

ஹைதராபாத்தின் கச்சிபௌலி உள்ளரங்கில் தெலுகு டைட்டன்ஸ் அணி கபடி ஆடுவதைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். பிடிபட்டு வெளியே அமர்ந்த வீரர், தம் அணியினர் எதிரணியில் ஒருவரை வெளியேற்றியதும் மீண்டும் களம் புகுவார். கபடியில் ஆட்டமிழந்தவருக்கும் திரும்பி வர வழி உண்டு.

ஹாக்கியின் சிவப்பு அட்டைக்கு அத்தகைய வழி இல்லை. பச்சை அட்டை பெற்றவர் 2 நிமிடமும், மஞ்சள் அட்டை பெற்றவர் குறைந்தது 5 நிமிடமும் வெளியே இருந்தால் போதும். சிவப்பு அட்டை பெற்றவரோ அந்த ஆட்டத்தில் மீண்டும் இறங்க இயலாது. அவரிடத்தில் வேறொருவரும் இறங்கக் கூடாது.

2024 ஆகஸ்டு 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் இந்தியாவும் பிரிட்டனும் மோதின. 17ஆம் நிமிடத்தில் இந்தியத் தற்காப்பு வீரர் அமித் ரோகிதாஸின் மட்டை எதிரணி வீரரின் தலைப்பகுதியில் பட்டது. காணொளியைப் பார்த்த பின் நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். அது வேண்டுமென்றே செய்ததா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. அதனை இங்கே விட்டுவிடலாம். எஞ்சிய 43 நிமிடங்களும் இந்தியா பத்துப்பேருடன் ஆடியது. ஹர்மன்பிரீத் சிங் ஒரு கோல் அடித்தார்; பிரிட்டன் சமன் செய்தது. அதன்பின் ஸ்ரீஜேஷ் கோல் கம்பங்களுக்கிடையே மதில்போல் நின்றார். ஆட்டம் 1-1 என முடிய, ஷூட் அவுட்டில் இந்தியா 4-2 என வென்றது.

வென்றுவிட்டதால் விதி சரியென்று ஆகிவிடாது. இதே தவறு 55ஆம் நிமிடத்தில் நிகழ்ந்திருந்தால் அணி இழப்பது 5 நிமிடம் மட்டுமே. குற்றம் ஒன்று, கடிகாரம் காட்டும் நேரத்தைப் பொறுத்துத் தண்டனை எட்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. இதனை நீதி என்பது கடினம்.

பனிக்கட்டித் தளத்தில் ஆடப்படும் ஹாக்கி இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில், எதிராளியைக் காயப்படுத்த முயன்றவர் ஆட்டத்திலிருந்தே நீக்கப்படுவார். ஆயினும் 5 நிமிடத்திற்குப் பின் அவருக்குப் பதிலாக மற்றொருவர் இறங்கலாம். அங்கும் விதிகள் மாறாமல் நின்றவை அல்ல. முன்பு சிறு தவறுக்கான 2 நிமிடத் தண்டனையை முழுவதும் கழித்தாக வேண்டும். 1955 நவம்பரில், எதிரணியில் ஆள் குறைந்திருந்த வேளையில், மாண்ட்ரியால் அணியின் ஷான் பெலிவோ 44 விநாடிகளில் 3 கோல்கள் அடித்தார். மறு ஆண்டே, ஒரு கோல் விழுந்ததும் தண்டனை முடியும் என விதி திருத்தப்பட்டது.

வளைகோல் ஹாக்கியிலும் தவறு செய்தவர் வெளியிலேயே இருக்கட்டும். 15 நிமிடம், அதாவது ஆட்டத்தின் கால்பகுதி கழிந்தபின் மாற்று வீரர் இறங்கட்டும். இவ்வாறு தளர்த்தினால் வன்முறை பெருகும் என்பர் சிலர். அவ்வச்சம் பொருளற்றதன்று. எனினும் அடுத்தடுத்த ஆட்டங்களில் தடை விதித்து அவரைத் தண்டிக்க வழி இருக்கிறதே! அதிலும் ஒரு குறை உண்டு. ரோகிதாஸுக்கு ஓர் ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. ஹாக்கி இந்தியாவின் மேல்முறையீடும் ஏற்கப்படவில்லை. ஒலிம்பிக் அணியில் 16 பேரே இருந்தனர். அவருக்கு மாற்றாக ஒருவரைச் சேர்க்கவும் இயலவில்லை. ஆகவே அரையிறுதியில் ஜெர்மனியை 15 பேருடன் எதிர்கொண்ட இந்தியா, 2-3 எனத் தோற்றது.