இதமா? இன்னொலியா?

ஒரு காலத்தில் ஹெட்போன் என்பது பாட்டுக் கேட்பவர்களின் பொருள். இன்று அது கொப்பி, பேனை போலப் படிப்புக்குரிய சாமான்களில் ஒன்றாகிவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஒன்லைன் வகுப்பு நம் வீடுகளுக்குள் வந்தது. பாடசாலைகள் திறந்த பிறகும் அது வெளியே போகவில்லை. உயர்தரம் படிக்கும் நம்மில் பலர் இரவு ஏழு மணிக்கு ஸூம் வகுப்பில் அமர்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுகிறோம். தவறவிட்ட வகுப்புகளின் பதிவுகளையும் வேறு கேட்கிறோம்.

ஆனால் அந்தச் சாமானை வாங்கும் முறை மட்டும் மாறவில்லை. கடைக்காரர் ஒரு பாட்டை உரத்த சத்தத்தில் போடுகிறார். பத்து விநாடி கேட்கிறோம். "பேஸ் நல்லா அடிக்குது" என்கிறார். வாங்கிக்கொண்டு வருகிறோம். மூன்று மணித்தியாலம் அணியப்போகும் ஒன்றைப் பத்து விநாடியில் தீர்மானிக்கிறோம். புறக்கோட்டையில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினாலும் கடைக்குள் நாலு அடி நடந்து பார்க்காமல் உம்மா விடமாட்டார். காதில் மாட்டுவதற்கு அந்தச் சோதனைகூட இல்லை.

கையில் இருக்கும் பணம் கொஞ்சம். 3000 ரூபாய்க்குள் ஒன்று வேண்டும் என்பதே நம்மில் பலருடைய வீட்டுக் கணக்கு. அந்த விலைக்கு எல்லாம் ஒன்றாகக் கிடைக்காது. காதுக்கு இதமானதை எடுப்பதா, ஒலி நன்றாக இருப்பதை எடுப்பதா என்று ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பிடிக்க வேண்டும். இதில் என் கருத்து இதுதான்: பேச்சு தெளிவாகக் கேட்குமளவுக்கு ஒலி இருந்தால் போதும், அதற்கு மேல் செலவிடும் ஒவ்வொரு ரூபாவும் இதத்துக்கே போகவேண்டும்.

இதற்கு மறுபேச்சு உண்டு என்பதை அறிவேன். "இதம் என்பது பழகிப் போகும். முதல் வாரம் காது வலிக்கும், பிறகு சரியாகும். ஒலி சரியில்லை என்றால் அது கடைசிவரை சரியில்லைதான்" என்று என் வகுப்புத் தோழியர் சிலர் வாதிடுகிறார்கள். பெற்றோரில் சிலர் வேறு விதமாகச் சொல்கிறார்கள்: "படிக்கத்தானே வாங்குறது? சொகுசு எதுக்கு?" இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டுமானால், ஒலித்தரம் என்றால் என்ன, இதம் என்றால் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒலித்தரத்தை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லா ஹெட்போன் பெட்டியிலும் "20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை" என்று அச்சிட்டிருப்பார்கள். அது மனிதக் காதுக்குக் கேட்கக்கூடிய மீடிறன்களின் எல்லை. அந்த எல்லை முழுவதையும் இந்த ஹெட்போன் எவ்வளவு சீராக ஒலிக்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஆகவே பெட்டியைப் படித்து ஒலித்தரத்தை அறிய முடியாது.

வகுப்புக் கேட்பவருக்கு ஒலித்தரம் என்பது மெய்யெழுத்துகளின் தெளிவு. பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தின. "ஸ" என்ற ஒலியின் வலு பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளைச் சொல்லும்போது "எஸ்" எது, "எஃப்" எது என்று புரியாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். குர்ஆன் ஓதப் பழகுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஸா, ஸீன், ஸாத் என்ற மூன்று அரபு எழுத்துகளையும் தமிழில் எழுதினால் ஒரே "ஸ"தான் வருகிறது. வேறுபாட்டைக் காதுதான் பிடிக்க வேண்டும். ஹெட்போன் அந்த உயர்ந்த மீடிறன்களை விழுங்கிவிட்டால் தஜ்வீதைச் சரியாகக் கேட்டுப் பழக முடியாது. தமிழில் லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கேட்டறிவதற்கும் தெளிவான ஒலி வேண்டும்.

ஆகவே ஒலித்தரம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கடையில் ஒலித்தரம் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் பேஸ் என்றுதான் சொல்கிறேன். தாழ்ந்த மீடிறன் ஒலி உரக்க இருந்தால் அது மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும். பாட்டுக்கு இனிமையாக இருக்கும் அதே முழக்கம் ஆசிரியரின் சொற்களை மங்கச் செய்கிறது. அதிகப் பணம் கொடுத்து நாம் வாங்கும் "தரம்" நம் தேவைக்கு நேர் எதிராக வேலை செய்கிறது.

புளூடூத் வகைகளில் இன்னொரு விடயம் உண்டு. பாட்டுக் கேட்கும்போது நன்றாக ஒலிக்கும் ஹெட்போன், வகுப்பில் பேசுவதற்காக அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கியதும் பல மலிவு வகைகளில் தொலைபேசி அழைப்பின் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. வரும் ஒலியும் போகும் குரலும் ஒரே இணைப்பைப் பங்கிட்டுக்கொள்வதே காரணம். கடையில் நாம் கேட்டது ஒன்று, வகுப்பில் கேட்பது வேறொன்று. வயர் உள்ள சாதாரண ஹெட்போனில் இந்தப் பிரச்சினை இல்லை. சார்ஜ் செய்யவும் தேவையில்லை. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களைக் கண்ட நமக்கு அதன் அருமை தெரியும்.

இனி இதத்துக்கு வருவோம். இதம் என்றால் மெத்தென்ற பஞ்சு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது பொருத்தம். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பொருத்தத்தில் பர்தாவும் சேர்கிறது. ஹெட்போன் செய்பவர்கள் தலையை மட்டும் அளந்து செய்கிறார்கள். தலைக்கு மேல் துணி, துணியில் ஊசி, அதற்குள் கட்டிய கொண்டை, சிலருக்கு மூக்குக் கண்ணாடி என்று இத்தனையும் அவர்கள் கணக்கில் இல்லை.

காதின் மேலேயே அழுந்தி நிற்கும் சிறிய ஹெட்போன்தான் கடைகளில் மலிவாகக் கிடைப்பது. அது காதுமடலைத் தலையோடு சேர்த்து அழுத்துகிறது. இடையில் கண்ணாடியின் தண்டும் ஊசியும் மாட்டிக்கொண்டால் அரை மணித்தியாலத்தில் காது கொதிக்கத் தொடங்கும். காதை முழுதாக மூடும் பெரிய வகையில் அந்த வலி குறைவு. ஆனால் பாரம் கூட. நம் வெக்கைக்கு வியர்வையும் கூட. மலிவு வகைகளில் மேலுறை போலித் தோலாக இருக்கும். வியர்வை பட்டுப் பட்டு அது உரிந்து, வெள்ளைப் பர்தாவெல்லாம் கறுப்புத் துகளாக ஒட்டும். வீட்டில் பர்தா இல்லாமல் இருக்கும்போது இவை கொஞ்சம் குறையலாம். கமெரா திறந்திருக்கும் வகுப்பிலும் பஸ்ஸிலும் நூலகத்திலும் அப்படி இருக்க முடியாதே.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விடயம் இருக்கிறது. இதமும் ஒலியும் நாம் நினைப்பதுபோல இரண்டு தனித்தனிப் பொருள்கள் அல்ல. ஹெட்போனுக்கும் காதுக்கும் இடையில் துணியின் மடிப்பு நின்றால், அந்த இடைவெளியால் உள்ளே உள்ள ஒலி வெளியே கசிகிறது; வெளியே உள்ள இரைச்சல் உள்ளே வருகிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? சத்தத்தைக் கூட்டுகிறோம். எவ்வளவு உயர்ந்த ஒலித்தரம் உடையதாக இருந்தாலும், பொருந்தாத ஹெட்போன் நம் காதில் தரமற்றதாகத்தான் கேட்கும். பொருத்தத்தை விட்டுவிட்டு ஒலித்தரத்தை வாங்குவது, ஓட்டைக் குடத்துக்கு நல்ல தண்ணீர் தேடுவது போன்றது.

சத்தத்தைக் கூட்டுவதன் விலை சாதாரணமானதல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம்வரை கேட்கலாம். 90 டெசிபெல் ஆனால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. இரவுக்கு மூன்று மணித்தியாலம் வகுப்புக் கேட்கும் ஒருத்திக்கு 4 மணித்தியாலம் என்பது இரண்டு இரவுக்கும் காணாது. மிகையான சத்தத்தால் அழிந்துபோகும் உட்காதின் மயிர்க்கலங்கள் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை. பரீட்சையை இரண்டாம் தடவை எழுதலாம். காதுக்கு இரண்டாம் தடவை கிடையாது. செவியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தானே?

"பழகிப் போகும்" என்ற தோழியருக்கு என் பதில் இதுதான். வலி பழகிப் போவதில்லை. வலிக்கும் பொருளைக் கழற்றி வைக்கத்தான் நாம் பழகுகிறோம். ஒருபக்கக் காதை மட்டும் மூடிக்கொண்டு கேட்கிறோம். பிறகு ஸ்பீக்கரில் போடுகிறோம். ஸ்பீக்கரில் போட்டால் தம்பிக்குப் படிக்க முடியாது, மூத்தம்மாவுக்குத் தூங்க முடியாது. அவர்களுக்காகச் சத்தத்தைக் குறைத்தால் நமக்குக் கேட்காது. கடைசியில் "பதிவு வரும்தானே, நாளைக்குப் பார்ப்போம்" என்று மூடிவிடுகிறோம். குசினியில் உம்மாவுக்கு உதவிக்கொண்டே காதில் பாடம் கேட்கும் தோழியரும் நம்மிடையே இருக்கிறார்கள். குனிந்தால் நழுவும் ஹெட்போன் அவர்களுக்கு எதற்கு உதவும்? பெட்டிக்குள் கிடக்கும் ஹெட்போனின் ஒலித்தரம் பூச்சியம்.

"சொகுசு எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோருக்கும் பணிவாக ஒன்று சொல்கிறேன். மூன்று மணித்தியாலம் உட்காரக் கால் ஆடாத கதிரை வாங்கித் தருகிறீர்கள். அதைச் சொகுசு என்று நீங்கள் சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான். மகள் இரண்டு மாதத்தில் கழற்றி எறியப்போகும் மலிவுப் பொருளை வாங்குவதுதான் வீண்விரயம்.

அப்படியானால் எதை வாங்குவது? ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் தெரிவு வயரும் மைக்கும் உள்ள, சிலிக்கன் முனை பொருத்திய, காதுக்குள் வைக்கும் வகை. நாம் ஹேண்ட்ஸ்ப்ரீ என்று சொல்கிறோமே, அது. பர்தாவுக்குள்ளே அது பேசாமல் இருக்கும். கண்ணாடியோடும் ஊசியோடும் சண்டை பிடிக்காது. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு முனைகள் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். நம்மில் பலர் முதலில் மாட்டியிருக்கும் முனையையே கடைசிவரை பாவிக்கிறோம். மற்ற இரண்டும் பெட்டியோடு குப்பைக்குப் போகின்றன. சரியான அளவு முனை வலிக்காது, விழாது, வெளி இரைச்சலையும் தடுக்கும். இதமும் ஒலியும் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான்.

அதற்கும் குறைகள் உண்டு. காதை அடைத்துக்கொண்டு விடை சொன்னால் நம் குரலே தலைக்குள் முழங்கும். அழுக்குச் சேரும், முனைகளைக் கழற்றிக் கழுவி உலர்த்தவேண்டும். எவ்வளவு நெருங்கிய தோழியானாலும் இரவல் கொடுக்கக்கூடாது. வீதியில் நடக்கும்போது கழற்றிவிட வேண்டும். காதுக்குள் எதை வைத்தாலும் கூசும், அரிக்கும் என்பவர்களுக்கு, காதை முழுதாக மூடும், பாரம் குறைந்த, துணி மேலுறை உள்ள வகையே நல்லது. எதுவானாலும் இடைவேளையில் கழற்றி வைப்பதும், ஒலியளவைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்வதும் நம் கையில்தான் இருக்கின்றன.

கடையில் செய்யவேண்டிய சோதனைகளும் இரண்டே. முதலாவது, கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம். நமக்குப் பழகிய ஓர் ஆசிரியரின் வகுப்புப் பதிவையோ ஒரு கிராஅத்தையோ நம் கைப்பேசியில் கொண்டுபோய், ஒலியளவைப் பாதியில் வைத்துக் கேட்கவேண்டும். சொற்கள் தெளிவில்லை என்றால், எவ்வளவு இதமாக இருந்தாலும் அது வேண்டாம். இரண்டாவது, தெளிவாக இருப்பவற்றுள் ஒன்றைப் பர்தாவுக்கு மேலே அணிந்துகொண்டு பத்து நிமிடம் நிற்கவேண்டும். தலையை ஆட்டவேண்டும், குனிய வேண்டும். உம்மா விலை பேசி முடிப்பதற்கு எப்படியும் அவ்வளவு நேரம் எடுக்கும். காதுக்குள் வைக்கும் வகையைக் கடையில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆகவே பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்கவேண்டும். ஆண்கள் நிற்கும் கடையில் இதையெல்லாம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அணியப்போவது நாம், வலிக்கப்போவதும் நமக்குத்தான். "மகளுக்கு எது நல்லது?" என்று கடைக்காரரிடம் கேட்கும் வாப்பாமார், பக்கத்தில் நிற்கும் மகளிடமும் அதை ஒருமுறை கேட்டால் போதும்.