எந்தக் கை வாசித்தது? ‘ஹிஸ்டீரியா’வின் ஒலி குறித்து

டெஃப் லெப்பர்ட் குழுவின் ‘ஹிஸ்டீரியா’ (1987) குறித்து இரண்டு கதைகள் வழங்கிவருகின்றன. 1984 டிசம்பர் 31 அன்று ஷெஃபீல்டு அருகே நேர்ந்த கார் விபத்தில் இடக்கையை இழந்த டிரம் கலைஞர் ரிக் ஆலனின் மீட்சி ஒன்று. தயாரிப்பாளர் ‘மட்’ லாங்கின் இயந்திர ஒலி ராக் இசையின் உயிரை வற்றச்செய்தது என்னும் குற்றச்சாட்டு மற்றொன்று. முன்னதைச் சொல்லி நெகிழ்பவரே பின்னதையும் சொல்வதுதான் வியப்பு.

அவ்வொலி உருவான முறையைக் கவனிக்க வேண்டும். பல இடங்களில் கிதாரின் ஒரு கார்டுகூட ஒரே வீச்சில் மீட்டப்படவில்லை. தந்தி தந்தியாகத் தனித்தனியே பதிந்து அடுக்கப்பட்டது. ஆளுயர ஆம்ப்ளிஃபையர்களுக்கு மாற்றாக ‘ராக்மேன்’ என்னும் கையடக்கப் பெட்டி பயன்பட்டது. பின்னணிக் குரல்கள் அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்ந்தன. டிரம் அடிகள் ஃபேர்லைட் கணினியில் மாதிரிகளாகச் சேமிக்கப்பட்டுக் கோக்கப்பட்டன. அதுவும் பாடல் வடிவம் பெற்ற பின்னர். சுவர் எழுப்பிவிட்டு அஸ்திவாரம் போடும் வேலை! அறுபது நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்த மெருகு சற்றே சலிப்பூட்டுவதும் உண்மைதான். ஆயினும் தலைப்புப் பாடலில் கிதார்கள் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் மென்மையை வேறெம்முறையிலும் பெற்றிருக்க இயலாது.

இழந்த கையை ஈடுசெய்யவே இயந்திரம் புகுந்தது என்பது காலவரிசைக்கே பொருந்தாத கூற்று. ஆலனுக்கு இரு கைகளும் இருந்த நாளில் வெளியான ‘பைரோமேனியா’விலேயே (1983) லாங்க் டிரம் ஒலியை இயந்திரத்திடம் ஒப்படைக்கத் தொடங்கிவிட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் எவர் கையும் முழுமையாகத் தேவைப்படவில்லை. கிதார் கலைஞரின் கார்டு துண்டாடப்பட்டபோது அவருக்கு வாசிக்கத் தெரியுமா என எவரும் ஐயுறவில்லை. டிரம் கலைஞரிடம் மட்டும் அக்கேள்வி எழுகிறது. ‘கையால் வாசித்த மெய்யான இசை’ என்னும் அளவுகோல் இரு கைகளுள்ள உடலையே இயல்பெனக் கொண்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கை தேவைப்பட்ட இடம் மேடை. சிம்மன்ஸ் மின்னணு டிரம்களோடு மிதிகளை இணைத்து, இடக்கை செய்த பணியை இடக்காலுக்குப் பயிற்றினார் ஆலன். 1986 ஆகஸ்டில் காசில் டோனிங்டன் திறந்தவெளி விழாவில் பெருங்கூட்டத்தின் முன் அவ்வாறே வாசித்தார். ‘ஹிஸ்டீரியா’ சுற்றுப்பயணத்தில் மேடை அரங்கின் நடுவே அமைந்தது. பார்வையாளர்கள் நாற்புறமும் சூழ்ந்திருந்தனர். பிற நிகழ்ச்சிகளில் டிரம்களுக்குப் பின்னால் மறைந்துபோகும் அந்தக் கால், அங்கே முதுகுப்புறம் அமர்ந்தோரின் நேர்ப்பார்வையில் இருந்தது.